பழைய சண்டையைக் கேட்டுவிட்டுக் கதவைத் திற

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நானும் அப்பாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல். இதை அம்மாதான் எழுதினாளா என்று உனக்குச் சந்தேகம் வர வேண்டும். என் நீலக் குடையை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டவள் நீ, அப்போது நம் வீட்டில் பூனையே கிடையாது. போதுமா, இனி மேலே படி.

போன வருஷம் ஆற்றில் விழுந்து செத்தான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோமே, அந்தக் கண்ணாடிக்காரன் சாகவில்லை. போன வாரம் நீதிபதியைக் கொன்றுவிட்டான், அதுவும் அவருடைய சொந்தத் தம்பியின் முகத்தோடு போய். ஒருவரை உற்றுப் பார்த்தாலே முகமும் குரலும் வந்துவிடுகிறவனை எப்படிப் பிடிப்பது? அப்பாவும் மற்றக் காவலர்களும் தெருத் தெருவாக அலைகிறார்கள், பூட்ஸ் தேய்ந்ததுதான் மிச்சம். நிலைய வாசலில் இப்போது புது வழக்கம், உள்ளே நுழைகிறவர் கூட்டாளியோடு போட்ட பழைய சண்டை ஒன்றைச் சொல்ல வேண்டும். முகத்தைத் திருடலாம், சண்டையைத் திருட முடியாதாம். பழைய புண்ணைக் கிளறிக் கிளறிப் பாதிப் பேர் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்றார் அப்பா. நம்ம சண்டையைச் சொல்ல ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடும் என்று நான் சிரித்துவிட்டேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அப்பா கதவைத் தட்டினார், சோப்புக் கையோடு போய்த் திறந்துவிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டார். ரொம்ப நல்லா இருக்கு, நீ மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆவேன் என்றார். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உனக்குத் தெரியாதா, உப்புக் குறைந்தால்தான் உன் அப்பாவுக்கு வாயே திறக்கும். அடுத்து, பிள்ளையோட விலாசத்தைக் கொடு என்றார். உங்க அக்கா கல்யாணத்துல பாதியில எழுந்து போனீங்களே, ஏன் என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன். பழசெல்லாம் இப்ப எதுக்கு என்று சிரித்தான். உன் அப்பாவாக இருந்தால் ஒரு மணி நேரம் நியாயம் பேசியிருப்பார். அவனுடைய சொந்த முகத்தைப் பார்த்தவள் நீ ஒருத்திதான், அதற்காகத்தானே உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம், ஆற்றில் உடல் கிடைக்கவில்லை என்று இன்னும் திரும்பக் கூப்பிடாமல் இருந்தோம். துறைமுகத்துக் காவலர் விடுதியின் விலாசத்தை உன் விலாசமாகச் சொல்லி அனுப்பிவிட்டு, நிலையத்துக்கு ஓடினேன். அப்பாவின் ஆட்கள் அங்கே போய்க் காத்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன். இத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தையை ஒரு கொலைகாரன் வாயில் கேட்டேன். அவன் என்று தெரிவதற்கு முன்னால் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு, அவனைப் பிடிக்கிற வரைக்கும் நான் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன், சொன்னா அது நான் இல்லை, பிடிச்ச அன்னிக்கு வந்து சொல்றேன் என்றார். அன்றைக்கு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, தனியாகப் பாலத்துப் பக்கம் போகாதே. அப்பா வந்து கொஞ்சினால் கதவைத் திறக்காதே, நான் வந்து இளைத்துவிட்டாய் என்று திட்டாவிட்டாலும் திறக்காதே. அவனைப் பிடித்தாயிற்று என்று யார் சொன்னாலும் நம்பாதே. நம்மிடம் சண்டைக்கா பஞ்சம், என் அடுத்த கடிதத்தில் வேறொன்று இருக்கும். அதில், அப்பா சாப்பாடு நல்லா இருக்குன்னு சொன்னார் என்று எழுதியிருந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும் கண்ணு.

உன்னைத் திட்டக் காத்திருக்கும்
அம்மா