காகிதப் பை மிஷின் வந்த பிறகு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முட்டிவலியைத் தவிர எல்லோரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். போனில் சொன்னால் உடனே யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவாய். எனக்கு யோசனை வேண்டாம், கேட்க ஒரு ஆள் போதும்.

நம் பட்டறைக்கு மிஷின் வந்துவிட்டது. சிறுதொழிலுக்கு உதவி செய்து கிராமத்தில் வேலை உண்டாக்குகிற திட்டம் என்று ஒரு அதிகாரி வந்தாரே, அவர் எங்களை உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டார். மிஷின்தான் வேண்டும் என்று பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். காகிதத்தை வெட்டி மடிப்பதுதான் விரல் ஒடிகிற வேலை, அதை மிஷின் பார்த்துக்கொண்டால் நாம் பசை தடவி ஒட்டலாம், இன்னும் நாலு பேரைச் சேர்க்கலாம் என்று நினைத்தோம். அது ஒட்டவும் செய்யுமா என்று கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. மிஷின் வாசலில் நுழையாததால் சுவரை இடித்தோம், செங்கல்லைக் கை மாற்றிக் கை வெளியே அடுக்கியதும் இந்தப் பெண்கள்தான், கல்யாண வீடு மாதிரி அவ்வளவு சிரிப்பு. மெக்கானிக் பொத்தானை அழுத்தி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்கச் செய்கிற பை குவிந்துவிட்டது. ஓயாமல் பேசுகிறவளுக்கு நீ ரேடியோ என்று பெயர் வைத்தாயே, அவள் ஒரு பையை எடுத்து ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தாள், பிரியவில்லை. இதை ஓட்ட எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டேன், ரெண்டு பேர் தாராளம்மா என்றார், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். மிஷினை மூடிவைக்கலாம் என்றால் மிஷின் பையைப் பார்த்துவிட்ட கடைக்காரர்கள் கையால் ஒட்டியதைத் தொடமாட்டேன் என்கிறார்கள். நிறையச் செய்து விற்கலாம் என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பையை யார் வாங்குவது. அதிகாரியிடம் போய்ச் சொன்னேன், யாரையும் நிறுத்தக் கூடாதும்மா, இது வேலை கொடுக்கிற திட்டம் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். உன் அத்தை தனியாக வந்து, அண்ணி, என்னை மட்டுமாவது விட்டுறாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை வைத்துக்கொண்டால் மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன், நிறுத்தினால் இந்த வீட்டில் எப்படி இருப்பேன். உன் அப்பாவைக் கேட்டால் உன் பட்டறை, உன் இஷ்டம் என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொள்கிறார்.

கடைசியில் அவர்களே பேசி, நாளுக்கு இரண்டு பேராக முறை வைத்துக்கொண்டார்கள். ஆனால் முறை இல்லாதவர்களும் காலையிலேயே தலை வாரிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள், யாராவது வராமல் போனால் நுழையலாமே என்று. போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உள்ளே கூப்பிட வேலை இல்லை. அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகும்போது சாவியைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறேன்.

நீ ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். வெயிலில் அலையாதே. ஒன்றை மறந்துவிடாதே, உன் அத்தை போன் செய்தால் எடு. அங்கே தனக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்பாள். கிடைக்காது என்று எனக்கும் தெரியும். பட்டென்று சொல்லிவிடாதே, விசாரிக்கிறேன் என்று மட்டும் சொல். நானும் இங்கே எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா