பாட்டரி சைக்கிளில் ஜோதியைத் தேடியது

ஜூன் 8, 2010, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இல்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் நாசம்.

ஜெயம்மா இட்லிக் கூடையோடு வந்தாள். நாலு இட்லி வைத்தால் மூன்று வீட்டு வம்பையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறவள், இன்று வாசலைத் தாண்டவில்லை. "ரோஸக்கா, சொன்னா ஏசக் கூடாது" என்றாள். போன சனிக்கிழமை கன்டோஜி ஏரிப் பார்க்கில் என் மகள் அருள்ஜோதியைப் பார்த்தாளாம். காடை முட்டை விற்கிறாளாம். இடுப்பில் கைக்குழந்தையாம்.

"யாரு குழந்தை?" என்று கேட்டேன். என்ன கேள்வி! ஜெயம்மாவே தரையைப் பார்த்தாள்.

ஆணா, பெண்ணா என்று கேட்கவில்லை.

ஜூன் 9

எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷமாக இந்த நோட்டில்கூட இதை எழுதவில்லை.

ஜோதி போனது சுந்தரோடு. அவன் பஸ்ஸில் ஸ்பேர். கதவில் தொங்கிக்கொண்டு இடத்தின் பெயரைக் கூவி ஆளேற்றுகிறவன். என் அப்பா கிளார்க். நான் இருபத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதிய கிளார்க். அவள் போன மூன்றாம் நாள் நான் வார்டு ஆபீசுக்குப் போய், வீட்டுப் பட்டியலில் அவள் பெயரை அடிக்கச் சொன்னேன். "எங்கே மாறிப் போகிறாள்? அதற்குக் கடிதம் எழுத வேண்டுமே" என்று கேட்டார்கள். கடிதம் வேண்டாம், அடித்தால் போதும் என்றேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்வது பொய். பட்டியல் எழுதுகிறவருடைய பேனா எழுதவில்லை என்று என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு பட்டியலிலிருந்து கடிதத்தோடு போனால்தான் இன்னொரு பட்டியலில் ஏற முடியும். அப்படியென்றால் என் மகள் இரண்டு வருஷமாக எந்த வீட்டிலும் இல்லை. அவள் பெற்ற பிள்ளையும் இல்லை. அடையாளக் கார்டு கிடைக்காது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அன்றைக்கே தெரியும்.

ஜூன் 10

வார்டு ஆபீசில் கேட்டேன். பர்மா முழுக்கத் தேர்தல் வருகிறதாம், பட்டியல்களை எல்லாம் புதிதாக எழுதுகிறார்களாம். ஆகஸ்ட் முடிவதற்குள் ஜோதி நேரில் வந்தால் பெயரைத் திரும்பச் சேர்ப்பார்கள். அதன் பிறகு எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

பஸ்ஸில் போய்த் தேட முடியாது. எந்த பஸ்ஸில் ஏறினாலும் சுந்தரின் கூட்டாளி ஒருவன் இருப்பான், அவள் காதுக்குப் போய்விடும். நடக்கவும் முட்டி விடாது. ஏரியைச் சுற்றி வருவது பெரிய தூரம்.

லத்தா பேட்டையில் சபாபதி சீனத்துப் பாட்டரி சைக்கிள்களை வாடகைக்கு விடுகிறான். மோட்டார் சைக்கிளுக்குத்தான் ஊருக்குள் தடை; இது சைக்கிள் கணக்கில் சேர்ந்துவிடுமாம். போய் நின்றேன். யாருக்கு என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு!

"அக்கா, இது சத்தமே போடாது. நீங்க வர்றது ஜனங்களுக்குத் தெரியாது. ஹாரன அடிச்சுக்கிட்டே போங்க. மழத்தண்ணிக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க."

சந்துக்குள் மூன்று தடவை ஓட்டினேன். ஒரு தடவை மீன்காரியின் தட்டில் போய் இடித்தேன். இரண்டு மாச வாடகைக்கு எடுத்து வந்துவிட்டேன். சிவப்பு வண்டி. ஐம்பத்தேழு வயதில் இந்தக் கூத்து.

ஜூன் 12, சனி

மழை விட்டிருந்தது. எங்கள் லான்மடாவிலிருந்து ஸ்டேஷன் பக்கமாகப் போனேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்தது வீடு, ஆபீஸ், கோயில், மார்க்கெட். பாலத்தின் மேல் ஏறினபோது கீழே தண்டவாளங்கள் அத்தனை திசையில் பிரிந்து போவதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். இவ்வளவு பெரிய ஊரில் எங்கே என்று தேடுவது?

ஏரியைச் சுற்றி ஓட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன் புயலில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் இருக்கின்றன. தண்ணீரில் ஷ்வேடகோன் பகோடாவின் தங்கக் கோபுரம் தெரிகிறது. அழகுதான். எனக்கு எரிச்சலாக வந்தது.

கரையெல்லாம் குடைகள். ஒவ்வொரு குடைக்கும் பின்னால் ஒரு ஜோடி. முகம் தெரியாது, கால் மட்டும் தெரியும். முட்டை விற்பவள்கூடக் களைத்துப்போய் எங்காவது உட்கார்ந்திருப்பாள் என்று ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பையன் எழுந்து, "அம்மா, உங்கள் வயதுக்கு இது தேவையா?" என்று பர்மியத்தில் கத்தினான். நியாயமான கேள்வி. ஒரு குடைக்குக் கீழே செருப்பில்லாத வெடிப்புக் கால்கள் இருந்தன. என் மகள் வீட்டுக்குள்கூடச் செருப்புப் போடுகிறவள். கடந்து வந்துவிட்டேன்.

ஜூன் 13

பூசைக்குப் போனேன். பிரசங்கம் என்னவென்று கேட்டால் தெரியாது.

ஜூன் 17

மறுபடி பார்க். இந்தத் தடவை வண்டியைக் கேட்டிலேயே நிறுத்தச் சொன்னார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே நடந்தேன், முட்டி வீங்கிவிட்டது. மாங்காய் விற்கிறவளிடம் ஜோதியின் போட்டோவைக் காட்டினேன். போட்டோவைப் பார்க்காமல் என் புடவையையும் கைப்பையையும் பார்த்தாள். "எனக்கு யாரையும் தெரியாது" என்றாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் இங்கே குண்டு வெடித்ததிலிருந்து எங்கும் சோதனை அதிகம். என்னை வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும்.

என்னையா? வேவுக்காரியாம்! வந்த கோபத்தில் வண்டியை எடுக்கும்போது சாவியைத் தொலைத்து, அரைமணி நேரம் தேடி, கடைசியில் பார்த்தால் கையிலேயே இருக்கிறது.

ஜூன் 22

மிங்கலாடோன் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் புதிதாகக் குடியேறியிருப்பதாக யாரோ சொன்னார்கள் என்று அங்கே போனேன். இல்லை. திரும்பும் வழியில் பாட்டரி செத்துவிட்டது. நேற்று மூன்று மணி நேரம்தான் கரண்ட் இருந்தது, அதில் எவ்வளவு ஏறும்? கொட்டுகிற மழையில் தள்ளிக்கொண்டு வந்தேன். ராணுவ முகாம் வாசலில் ஒரு சிப்பாய் கார்டு கேட்டான். காட்டினேன். அதைப் பார்த்ததும் மரியாதையாக வழிவிட்டான்.

ஜோதியாக இருந்திருந்தால் என்ன காட்டியிருப்பாள்?

ஜூன் 24, வியாழன்

தகவல் கிடைத்தது! காடை முட்டை மொத்தமாகப் போடுகிற சீனத்தி, பிள்ளையோடு வருகிற தமிழ்ப் பெண் — — — வார்டிலிருந்து வருகிறாள் என்றாள். வீடு தெரியாது.

அப்போதுதான் புத்தி வந்தது. நான் ஏன் தெருத்தெருவாக அலைகிறேன்? வேறு வீட்டில் ஓர் இரவு தங்கினாலும் விருந்தாளிப் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். இவள் எங்கே தங்கினாலும் அந்தப் பட்டியலில் இருப்பாள். பதிவேட்டைப் புரட்டினால் ஐந்து நிமிஷ வேலை. இருபத்தெட்டு வருஷம் எழுதியவளுக்கு இது தோன்ற இரண்டு வாரம்!

— — — வார்டு ஆபீசுக்கு நேராகப் போனேன். நல்ல கையெழுத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: ஜோதியின் பெயர், தகப்பன் பெயர், வயது, புருஷன் பெயர், அவன் தொழில், கூடவே போட்டோ. அதிகாரி என்னைவிட இளையவர். எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். என் கையெழுத்தைப் பார்த்து, ஆபீஸில் இருந்தவரா என்று கேட்டார். பத்து நாளில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஜோதியின் கட்டிலைத் துடைத்தேன். பிள்ளைக்கு ஒரு பழைய சேலையை மடித்து வைத்தேன்.

ஜூன் 29

தகவல் இல்லை. அவர் பத்து நாள் என்றுதானே சொன்னார். பொறுமை.

ஜூலை 3, சனி

போனேன். அதிகாரி சிரித்த முகத்தோடு எழுந்தார். "டோ ரோஸ், உங்கள் உதவிக்கு நன்றி" என்று பெயருக்கு முன் மரியாதை வைத்துச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீட்டில் இருந்த பெயர் பட்டியலில் இல்லையாம். அதனால் வீடு வீடாகச் சோதனை போட்டார்களாம். சொல்லாமல் ஆள் வைத்திருந்த வீடு அகப்பட்டதாம். "மகள் அப்போது பார்க்கில் இருந்திருக்கிறாள். இப்போது போய்விட்டாள்" என்றார். அந்த வீட்டு எண்ணையும் அவரே கொடுத்தார்.

அங்கே உம்மு சல்மா என்று ஒருத்தி, நம்ம தமிழ்தான். மேல் அறையை ஜோதிக்கு விட்டிருந்தவள். நான் இன்னார் என்று சொன்னதும் கதவைப் பாதி சாத்தினாள்.

"நீங்கதானா அது? எங்க அண்ணனயும் அந்த சுந்தர் பயலயும் புடிச்சிக்கிட்டுப் போனாங்கம்மா. ஏழு நாளாச்சு, இன்னும் விடல. ஒங்க கையெழுத்துச் சீட்ட எங்க மூஞ்சில காட்டிக் கேட்டாங்க. விருந்தாளின்னு எழுதிக் கொடுக்க அவளுக்கு கார்டு வேணுமே, எழுதாமத்தான ஒளிச்சு வெச்சிருந்தோம்? பெத்த தாயே காட்டிக் கொடுப்பாளான்னு அந்தப் புள்ள அழுதுச்சு. புள்ளய மழையில தூக்கிக்கிட்டுப் போச்சு."

காட்டிக் கொடுக்கலியே. நான் தேடத்தானே போனேன்? எழுதிக் கொடுத்தா கிடைப்பான்னு — எனக்கு வேற என்ன தெரியும், எழுதத்தானே தெரியும். கர்த்தரே, அவ இல்லாத பட்டியல்ல போய் அவளத் தேடினேன். அடிச்சவ நானு. அடிச்ச பேரு அங்க எப்படி இருக்கும்? இது ஒரு சின்னப் பிள்ளைக்குத் தோணும். எனக்குத் தோணலியே. டீ குடிச்சேன் அங்க. உக்காந்து டீ குடிச்சேன்.

ஜூலை 4

கோயிலுக்குப் போகவில்லை.

ஜூலை 7

இந்த நோட்டில் இரண்டு இடத்தில் அந்த வார்டின் பெயரை எழுதியிருந்தேன். மையால் அடித்துக் கோடாக்கிவிட்டேன். உம்மு சல்மா அங்கேதானே இருக்க வேண்டும்.

ஜூலை 16, வெள்ளி

அவள் அண்ணன் வெளியே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு உம்மு சல்மா வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோனேன். மூட்டையைத் தொடவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. போகத் திரும்பியபோது என்ன நினைத்தாளோ, "நில்லுங்க" என்றாள்.

சுந்தரும் வந்துவிட்டானாம். பஸ்காரன் வேறு ஸ்பேர் வைத்துக்கொண்டுவிட்டான். ஜோதி ஒருநாள் வந்து அவனுடைய சட்டைகளை எடுத்துப் போனாளாம்.

"ஒங்கள மொத நாளே பார்க்கில பார்த்துட்டாளாம். செவப்பு சைக்கிள்ல வர்றத பார்த்து, யாரோ ஒரு பொண்ணோட குடைய வாங்கி விரிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாளாம். நீங்க அவ கால பார்த்துட்டுத்தான் போனீங்களாம்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். பிள்ளை பெண். பெயர் சொல்ல மாட்டேன் என்றாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. எங்காவது எழுதாமல் என் கை சும்மா இருக்காது என்று பயம். அவள் பயந்தது சரிதான்.

ஜூலை 17

அந்தக் கால்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். செருப்பு என்ன ஆயிற்று?

ஆகஸ்ட் 5

இரண்டு மாசம் ஆவதற்கு ஐந்து நாள் மிச்சமிருக்க, வண்டியைச் சபாபதியிடம் விட்டுவிட்டேன். "ஊரெல்லாம் சுத்திப் பார்த்தாச்சா அக்கா?" என்றான். பார்த்தாச்சு என்றேன்.

ஆகஸ்ட் 19

இன்று பார்த்தேன். எங்கே என்று எழுத மாட்டேன். பார்க் இல்லை, அது மட்டும்.

பஸ்ஸில்தான் போனேன். யார் கூட்டாளி, யார் காதில் விழும் என்றெல்லாம் இனி எனக்கென்ன. உம்மு சல்மா சொல்லித்தான் போனேன். இறங்கக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பஸ் ஆளேற்ற நின்றது. எதிர்ப்பக்கம் பிளாட்பாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மெலிந்து கறுத்திருக்கிறாள். தலைமுடி கழுத்துவரைதான் இருக்கிறது, விற்றிருப்பாள். அவளும் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை, கோபமாவது இருந்திருக்கலாம். பிறகு மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கி, முகம் என் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்தாள். பஸ் நகரும் வரைக்கும் அப்படியே பிடித்திருந்தாள்.

நான் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 30, திங்கள்

சாயங்காலம் நம் வார்டு ஆபீஸ்காரர் பட்டியலோடு வந்தார். நாளையோடு முடிக்கிறார்களாம். "மகள் கிடைத்தாளா, டோ ரோஸ்? எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் சொல்லுங்கள், நாங்களே போய்க் கூட்டி வந்து சேர்த்துவிடலாம்" என்றார். நல்ல மனிதர். உண்மையாகவே உதவத்தான் கேட்டார்.

தெரியாது என்றேன். செத்தாளோ இருக்கிறாளோ, அதுவும் தெரியாது என்றேன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு, வீட்டில் ஒரே ஆள் என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.