பஸ் ஓடுகிறது, அறிவு

அறிவு,

என் கழுத்துக் கட்டியைச் சோதித்தார்களே, ஆஸ்பத்திரிக்குப் போய் முடிவு வாங்கினாயாடா என்றால், "மறியல்பா, ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டுக்கிறாங்க, பஸ்ஸே ஓடல" என்கிறாய். முப்பது வருஷம் கண்டக்டராக விசில் ஊதியவனிடமா இந்தக் கதை? நேற்று மட்டும் நம் வாசல் வழியே நாற்பது பஸ் போனது!

வெறும் நெறிகட்டிதான் என்கிறாயே, அதற்கு எதற்குத் தினமும் கறிக்குழம்பு? பொடி போட்டாலே திட்டும் மருமகளே மூக்குப்பொடி வாங்கித் தருகிறாள். பிறந்ததிலிருந்து என்னை எதிர்த்துப் பேசியவன் நீ, பத்து நாளாக "சரிங்கப்பா" என்கிறாய். அதுதான் பயமாக இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்குப் போய் டாக்டரிடம் நானே கேட்கிறேன். சாவி மாடத்தில் இருக்கிறது. குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு.

அப்பா

பி.கு.: கேன்சர் என்றாலும் வந்து உன்னிடம் ஒளிக்காமல் சொல்வேன். அழாதே, பழையபடி சண்டை போடு.