பரிந்துரைக் கடிதத்தில் ஒரு நண்டு

துறையின் சீல் பெட்டியைத் திறந்ததும் ஊதா மையின் வாடை அடித்தது. அதோடு உன் நினைப்பும் வந்துவிட்டது. விலங்கியல் துறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, சண்டை போட்டே நரைத்தவர்கள் நாம். நீ போய்ச்சேர்ந்த பிறகு, பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிற பிள்ளைகள் எல்லாம் என்னிடம்தான் வருகிறார்கள்.

நம் கல்லூரி வழக்கம் உனக்குத் தெரியாததா? பிள்ளைகளே தங்களைப் புகழ்ந்து எழுதிக்கொண்டு வருவார்கள். நாம் கையெழுத்துப் போட்டு சீல் குத்துவோம். "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்று எல்லாம் ஒரே அச்சு. நீ மட்டும் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "நீ கேட்டு எனக்குப் பதில் தெரியாமப் போன கேள்வி ஏதாச்சும் இருக்கா?" என்பாய். இருந்தால் அதைத்தான் எழுதுவாய், எனக்கு இன்னும் பதில் தெரியாது என்பதையும் சேர்த்து.

"தனக்குத் தெரியாதுன்னு தானே எழுதி சீல் குத்துற ஒரே ஆளு நீதான்டி" என்று கேலி செய்வேன்.

"நமக்குத் தெரிஞ்சதையே கேக்குற புள்ளைய எதுக்கு வெளியூருக்கு அனுப்பணும்? இங்கிட்டே இருக்கட்டுமே" என்பாய்.

இன்று வந்தவள் மீமிசல் கடற்கரைப் பெண். வெளிமாநிலத்தில் கடல் உயிரியல் மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மாலைக்குள் கடிதம் போயாக வேண்டும். இந்த இடம் கிடைக்கவில்லை என்றால் படிப்பு இதோடு சரி என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவளும் அதே அச்சைத்தான் நீட்டினாள். எனக்கு என்ன தோன்றியதோ, உன் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"ஒங்ககிட்ட இல்ல மேடம், அந்த மேடத்துக்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றாள். "நண்டு ஓடு கழட்டுறப்ப கண்ணு மேல இருக்கிற மூடியும் சேந்து கழண்டுருது. அந்த நேரத்துல அதுக்குக் கண்ணு தெரியுமா? பாத்துச் சொல்றேன்னாங்க. அதுக்குள்ள..."

எனக்கும் தெரியவில்லை. வருடா வருடம் நண்டுப் பாடம் நடத்தியவளுக்கு அதன் கண்ணைப் பற்றி ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லையே.

அவள் தாளை மடித்து வைத்துவிட்டு நண்டின் கண்ணை எழுதினேன். "இதற்கு எங்கள் இருவருக்குமே பதில் தெரியவில்லை. இவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கண்டுபிடித்துவிடுவாள்" என்று முடித்தேன். கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. நீ ஏன் சிரித்துக்கொண்டே எழுதுவாய் என்பது இப்போதுதான் பிடிபட்டது.

"பதில் தெரிஞ்சா எனக்கு வந்து சொல்லு" என்றேன்.

"சொல்றேன் மேடம்" என்று கிளம்பியவள் கதவருகே நின்றாள். "அவங்களுக்கு எப்படி மேடம் சொல்றது?"

அவள் கேட்டதில் எனக்குப் பதில் தெரியாதவை இப்போது இரண்டு.