சிவப்பாய்த் தெரிந்த ஏரி

என் மல்லிகாவுக்கு,

"சார், வயல் என்று குறித்தது நான்தான். நான் குறித்ததன் மேல்தான் மல்லிகா கோடு போட்டாள்." அன்று கூட்ட அறையில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

உனக்குத் தெரிந்த கதை. வாசிப்பவர்களுக்காகவும் சொல்கிறேன். நம் செயற்கைக்கோள் படத்தில் பச்சையெல்லாம் சிவப்பாக விழும், தண்ணீர் கறுப்பாக. இது வயல், இது ஏரி என்று நான் பென்சிலால் குறிப்பேன். விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் படத்தை விரித்து, மேலே தாள் வைத்து நீ மையில் வரைவாய். ஏரி என்று நாம் வரைந்த இடத்தில் மனை போட அனுமதி கிடையாது.

சந்தாபுராவைத் தாண்டி ஒரு பெரிய சிவப்புத் திட்டு. உன் பேனா அதில் நின்றது.

"இது ஏரிதான்க்கா. எங்க சித்தி வூட்டுக்குப் போறப்ப பஸ்ல பாத்திருக்கேன். மேல பூரா ஆகாயத்தாமரை."

"கறுப்பு எங்கடி இருக்கு? படத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"படத்துக்குத் தெரியாது, சரி. உனக்கு ஏரியே தெரியாதே!"

இருவரும் சிரித்தோம். வயல் என்றே போடு என்றேன். போட்டாய்.

நேரில் சரிபார்க்கப் போன குழு சேறும் சகதியுமாகத் திரும்பியது. "நம்ம வயல்ல எறங்கினா இடுப்பு வரைக்கும் தண்ணி! நெல்லு எங்க, மீன்தான் இருக்கு" என்றார் ஜீப் ஓட்டுநர். அதிகாரி சிரிக்கவில்லை. டிரேஸ் செய்தது யார் என்று கன்னடத்தில் கேட்டார். குறித்தது யார் என்று கேட்கவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் நான் ஒளிந்துகொண்டேன்.

நீ எழுந்து நின்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. அது கோபமா, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றா?

எனக்கு நிரந்தர வேலை. உனக்கு ஆறு மாத ஒப்பந்தம், அதைப் புதுப்பிக்கவில்லை. கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குப் போனாய். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் பார்த்தபோது, "பரவால்லக்கா, அங்க போய்வர வண்டி வுடறாங்க" என்றாய். அப்போதும் நான் வெண்டைக்காய் விலையைப் பற்றித்தான் பேசினேன். மறு வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை. மூன்றே வாரம்.

உன் காரியம் முடிந்த மறுநாள், உண்மையை எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

ஜீவனஹள்ளிக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"தெரியும்மா. 'அக்கா வரும், வந்து சொல்லும்'னு சொல்லிக்கினே இருந்தா. ரெண்டு மூணு ஞாயித்துக்கெழம எங்கயும் போவாம வூட்லயே இருந்தா."

பிறகு, "டீ குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன்.

காத்திருந்தாயா மல்லி? எத்தனையாவது ஞாயிறோடு விட்டாய்?

போய் நின்று பார்க்காத எந்த நிலத்துக்கும் இனி நான் பெயர் எழுதமாட்டேன். தவறு என்னுடையதாக இருக்கும்போது, யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் நானே எழுந்து நிற்பேன்.

திருத்திய வரைபடம் இழுத்து இழுத்துப் போன வாரம்தான் வந்தது. இப்போது எல்லாம் கணினியில். ஏரியை ஏரி என்றே போட்டிருக்கிறோம். அதற்குள் வடகரையில் மனைக்கல் நட்டுவிட்டார்கள்.

உன் அக்கா