ஒரு விரல் தூரம்

என் அழுகுணி ஆட்டக்காரா,

மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நல்ல விஷயம்தான்.

நேற்று நானும் அன்வருதீனும் பெத்தாங் குண்டாட்டம் ஆடினோம். பக்கவாதத்திலிருந்து எழுந்தபின் அவனுக்கு இதுதான் முதல் ஆட்டம். இடது கையால் எறிந்தான். ஆளுக்குப் பன்னிரண்டு புள்ளி. கடைசி இரும்புக் குண்டும் விழுந்தாயிற்று. சின்ன மரக்குண்டுக்குக் கிட்டே இருப்பவனுக்குத்தான் ஜெயம். என் குண்டு அவனுடையதைவிட ஒரு விரல் கிட்டே கிடந்தது. அளக்க டேப் எடுக்க அவன் திரும்பினான். அதற்குள் என் செருப்பு என் குண்டைத் தள்ளிவிட்டது.

செருப்புதான். நான் இல்லை.

"ஜெயிச்சுட்டேன் ஜரினா!" என்று அவன் போட்ட கூச்சலில், கேட்டருகே நின்ற அவன் மனைவி ஓடிவந்தாள். இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

நாம் ஜோடியாக ஆடிய இறுதி ஆட்டத்தில் நீ செய்ததும் இதேதான். எதிரணியில் ஆடிய, மனைவியை இழந்த காத்தவராயன் ஒரு நாளாவது சிரிக்கட்டும் என்றாய். "யாருக்காகப் பண்ணாலும் தப்பு தப்புதான்டா" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். நீ உன் குண்டுகளைக்கூட எடுக்காமல் போய்விட்டாய்.

தப்பு தப்புதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் வீடுவரை ஏன் விசிலடித்துக்கொண்டே போனேன் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு வா. வேண்டிய மட்டும் என்னைத் திட்டு. அன்வருதீன் காதில் மட்டும் விழ வேண்டாம்.

உன் குண்டுகள் துருப்பிடிக்கவில்லை. மாதாமாதம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னொரு அழுகுணி