நான் காப்பாற்றிய செங்கல் கோயில்

மார்ச் 3, 1964

எங்கள் சபைக் கோயில் கூரைக்குத் தார் பூசினேன். முட்டி வலி.

இரவுச் சாப்பாட்டில் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே வெர்னெல் கேட்டாள்: “அப்பா, நம்ம கறுப்பு ஜனம் ஓட்டுப் பட்டியல்ல பேரு பதியறதுக்கு வெள்ளிக்கிழமை கூட்டம். கோயிலத் தருவீங்கல்ல?”

மூப்பர்கள் கூடித்தான் முடிவு செய்வோம் என்றேன்.

“மத்த மூப்பருங்க உங்க முகத்தப் பாத்துத்தானே எந்திரிப்பாங்க!”

பத்தொன்பது வயது. வாய் அப்படியே அவள் அம்மா வாய்.

மார்ச் 4

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. வேண்டாம் என்று முதலில் நான் எழுந்தேன், மற்றவர்களும் எழுந்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் கூட்டத்துக்கு இடம் கொடுத்த கோயிலை வெள்ளைக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். எங்கள் கோயிலின் செங்கல் ஒவ்வொன்றும் என் அப்பாவும் கூட்டாளிகளும் பருத்தி எடுத்த கையோடு ஆற்று மண்ணில் அறுத்தது.

“எரிஞ்சா யாரு கட்டுறது, பாஸ்டர்?” என்றேன்.

பாஸ்டர் டில்மன் என்னையே பார்த்தார். “நம்ம புள்ளைங்களுக்கு மொதப் பள்ளிக்கூடம் இதுக்குள்ளதான், பிரதர். வெள்ளத்துல ஊரே இங்கதான் படுத்துச்சு. அப்பல்லாம் சுவரு தேஞ்சா போச்சு?”

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

கோயிலைப் பூட்டிவிட்டேன். மழை.

மார்ச் 7

நேற்று இரவு, பூட்டிய கதவுக்கு முன்னால், ரோட்டோரம், நனைந்துகொண்டே கூட்டம் போட்டிருக்கிறார்கள். வழியை மறித்தார்கள் என்று ஷெரிப் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். பாஸ்டரையும். வெர்னெலையும். உள்ள விட்டிருந்தா நாலு சுவருக்குள்ள இருந்திருப்பாளே! கல்லக் காப்பாத்திட்டு, பெத்த புள்ளைய மழையில விட்டுட்டேனே. என்ன மனுஷன் நான்?

மார்ச் 8, ஞாயிறு

பொரித்த கோழி எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனேன். தெருவிலேயே பாட்டுக் கேட்டது. எங்கள் சபையில் மூப்பர் பாட்டில் ஒரு அடி எடுத்துக்கொடுப்பார், சபை அதை நீட்டி இழுத்துப் பாடும். புத்தகம் வாசிக்கத் தெரியாத காலத்து வழக்கம். பெண்கள் அடி எடுத்துக்கொடுத்து நான் கேட்டதில்லை. இன்று எடுத்தது வெர்னெல். என் இழுப்பு, அப்படியே.

காவல்காரன் கோழியை வாங்கிக்கொண்டான். “யாருடா நீ?”

“பாட்டெடுக்கிற பொண்ணோட அப்பங்கய்யா.”

“அவ வாய மூடச் சொல்லு.”

நான் சொல்லவில்லை. கூடச் சேர்ந்து பாடவும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 12

எல்லோரையும் விட்டுவிட்டார்கள். வெர்னெல் வீட்டுக்கு வராமல் அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 13

இந்த வெள்ளிக் கூட்டத்துக்குக் கோயிலைத் திறந்து, எல்லா விளக்கையும் போட்டு உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் மட்டும் வந்தார்.

“கூட்டம் மர ஆலை கிட்ட, அந்தச் சின்னக் கோயில்ல, பிரதர்.”

“அது வெறும் பலகையாச்சே! ஒரு தீக்குச்சி போதுமே, பாஸ்டர்.”

“அவங்களுக்குத் தெரியாதா? கேட்டதும் கதவத் தொறந்தாங்க.”

அவரோடு போனேன். கடைசி பெஞ்சில்தான் இடம் இருந்தது. முன்னால் நின்று வெர்னெல் அடி எடுத்தாள். என்னைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நான் மற்றவர்களோடு சேர்ந்து இழுத்துப் பாடினேன்.